வினிகரில் எத்தனை சதவீதம் அமிலம்? தரம்பார்த்தல் முதல் கணக்கு வரை

தரம்பார்த்தல் என்பது செறிவு தெரிந்த கரைசலை அளந்து சேர்த்து, தெரியாத கரைசலின் செறிவைக் காண்பது. அதன் கணக்கில் இருப்பது சில பெருக்கலும் சில வகுத்தலும்தான். அதில் யாரும் தவறுவதில்லை. 20.0 மி.லி. என்பது எந்தக் கரைசலின் கனஅளவு, 20.3 எதனுடையது, நீர்த்தது எத்தனை மடங்கு என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு மோல் (பொருளின் அளவை எண்ணும் அலகு) எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து போவோம். எடைபோட்ட ஆக்சாலிக் அமிலத்தில் தொடங்கி, அங்கிருந்து சோடியம் ஹைட்ராக்சைடுக்கும், அதிலிருந்து வினிகருக்கும் போவது இந்த வழி.

சோதனைக்கு எடுத்திருப்பது மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமற்ற வெள்ளை வினிகர். கீழே வரும் எண்கள் ஒரு முழுச் சோதனையின் மாதிரி அளவுகள். உங்களுக்குக் கிடைக்கும் அளவுகளை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

50 மி.லி. பியூரெட் (அடியில் திருகு உள்ள அளவுக்குழாய்), 20 மி.லி. பிப்பெட் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்), 25 மி.லி. பிப்பெட், 250 மி.லி. அளவுக்குடுவை இரண்டு, 250 மி.லி. கூம்புக்குடுவை மூன்று, பிப்பெட்டில் உறிஞ்ச ரப்பர் பல்பு, வெள்ளை டைல்ஸ் ஒன்று. டைல்ஸ் இல்லாவிட்டால் வெள்ளைத் தாள் போதும். தராசு 0.001 கிராம் வரையாவது காட்ட வேண்டும்.

வேதிப்பொருள்கள்: ஆக்சாலிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள், நிறங்காட்டியாக ஆல்கஹாலில் கரைத்த 1 சதவீத பினாப்தலீன், வினிகர்.

தண்ணீர் விஷயத்தில் சமாதானம் கூடாது. குழாய்த் தண்ணீரில், அதிலும் போர்வெல் தண்ணீரில், பைகார்பனேட் நிறைய இருக்கும். அது அமிலத்தில் ஒரு பங்கை நீங்கள் பார்க்காமலேயே தின்றுவிடும். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத இடத்தில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தாது நீக்கிய தண்ணீரை எடுங்கள். எதுவானாலும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த பிறகு பயன்படுத்துங்கள். கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு அதில் வெளியேறிவிடும்.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் பல ஆய்வகங்களில் இருக்கிறது. ஆக்சாலிக் அமிலம் நச்சு, சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்கும். பல்பு இல்லையென்றால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

2. ஆக்சாலிக் அமிலத் திட்டக்கரைசல்

முதலில் இதைத் தயாரிப்பதற்குக் காரணம் உண்டு. எடையைப் பார்த்தே செறிவைச் சொல்லிவிடக்கூடிய கரைசல் இந்தச் சோதனையில் இது ஒன்றுதான். மற்ற இரண்டின் செறிவும் இதை வைத்துத்தான் தெரியவரும்.

புட்டியின் லேபிளைப் படியுங்கள். ஆய்வகத்தில் பெரும்பாலும் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம், மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) 126.07. நீரற்ற வகையென்றால் 90.03. இதைக் கவனிக்காமல் மாற்றிப் போட்டால் விடை 40 சதவீதம் வரை தள்ளிப்போகும். இன்னொன்று, "ஈரம் போகட்டும்" என்று படிகத்தைச் சூடான ஓவனில் வைக்காதீர்கள். ஈரத்தோடு படிக நீரும் கிளம்பிவிடும், பிறகு 126.07, 90.03 இரண்டுமே பொருந்தாது.

250 மி.லி.யில் 0.05 மோலார் (லிட்டருக்கு 0.05 மோல்) கிடைக்க 1.576 கிராம் வேண்டும். சரியாக 1.576 வரும்வரை கரண்டி நுனியால் போட்டுப் போட்டு எடுப்பது வீண் வேலை. அதை ஒட்டி ஏதாவது ஓர் எடை போதும், ஆனால் அந்த எடையைத் துல்லியமாகக் குறித்திருக்க வேண்டும். நம் மாதிரியில் 1.582 கிராம்.

பீக்கரில் 100 மி.லி. அளவு நீரில் முழுவதும் கரைத்து, புனல் வழியாக அளவுக்குடுவைக்கு மாற்றுங்கள். பீக்கரையும் புனலையும் மூன்று முறை சிறிது நீரால் கழுவி, கழுவிய நீரையும் குடுவையிலேயே ஊற்றுங்கள். பீக்கர் சுவரில் தங்கும் துளியிலும் எடைபோட்ட அமிலம் இருக்கிறது. பிறகு குறிக்கோடு வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குறைந்தது 15 முறை கலக்குங்கள். இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு நிறுத்தினால் அடியில் அடர்த்தியும் கழுத்தில் வெறும் நீருமாக நிற்கும். பிப்பெட்டுக்குப் பிப்பெட் அளவு மாறும் மர்மத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மோல்: 1.582 ÷ 126.07 = 0.012549
செறிவு: 0.012549 ÷ 0.250 = 0.05019 மோலார்

3. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்

இதை எவ்வளவு கவனமாக எடைபோட்டாலும் பயனில்லை. வில்லைகள் தராசில் இருக்கும்போதே காற்றின் ஈரத்தை இழுத்துப் பளபளக்கத் தொடங்கிவிடும். கார்பன் டைஆக்சைடையும் பிடித்துக் கார்பனேட்டாக மாறும். அதனால் 500 மி.லி.க்குச் சுமார் 2 கிராம் என்று விரைவாக எடுங்கள், தசமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். புட்டியை உடனே மூடுங்கள்.

கரையும்போது நன்றாகச் சூடேறும். ஆறிய பிறகே 500 மி.லி. ஆக்குங்கள். சேமிக்கப் பிளாஸ்டிக் புட்டிதான். கண்ணாடித் தேய்ப்பு மூடி போட்ட புட்டியில் வைத்தால் மூடி இறுகி, அடுத்த வாரம் திறக்க வராது.

இனி இதைக் "காரம்" என்று சுருக்கமாகச் சொல்கிறேன். செறிவு 0.1 மோலாருக்கு அருகில் இருக்கும். எவ்வளவு அருகில் என்பது 5ஆம் படியில் தெரியும்.

4. எதை எதால் கழுவ வேண்டும்

புதியவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். எல்லாவற்றையும் "சுத்தமாக" காய்ச்சி வடித்த நீரில் கழுவி அப்படியே பயன்படுத்துகிறார்கள். விதி ஒன்றே: பாத்திரம் கனஅளவை அளக்கிறதா, மோலைத் தாங்கி நிற்கிறதா?

பியூரெட்டும் பிப்பெட்டும் கனஅளவை அளப்பவை. நீரில் கழுவிய பின், அவற்றில் ஊற்றப்போகும் கரைசலாலேயே 5 மி.லி. வீதம் இரண்டு முறை அலசிக் கொட்டுங்கள். பியூரெட்டில் நீர் ஒட்டியிருந்தால் காரம் நீர்த்துப்போய் அதிகம் செலவாகும். பிப்பெட்டில் நீர் ஒட்டியிருந்தால் அமிலம் குறைவாக விழுந்து காரம் குறைவாகச் செலவாகும்.

கூம்புக்குடுவை வேறு கதை. அதை வெறும் நீரால் மட்டும் கழுவுங்கள், ஈரமாகவே இருக்கலாம். 20.0 மி.லி.யில் வந்த அமில மோல்கள் குடுவையில் எத்தனை நீர் இருந்தாலும் மாறாது. ஆனால் குடுவையை அமிலத்தால் அலசிவிட்டால், கணக்கில் வராத கூடுதல் அமிலம் சுவரில் தங்கிவிடும். "எல்லாவற்றையும் அதனதன் கரைசலால் கழுவு" என்று பொதுவாகக் கேட்டுப் பழகியவர்கள் செய்யும் தவறு இது.

பியூரெட்டில் காரத்தை நிரப்பிய பின் திருகை முழுதாகத் திறந்து ஒரு நொடி ஓடவிடுங்கள். திருகுக்குக் கீழே நுனியில் இருக்கும் காற்றுக்குமிழி அடித்துக்கொண்டு போக வேண்டும். பாதியில் அது வெளியேறினால் குடுவைக்குப் போகாத காரத்தையும் போனதாகக் கணக்கெழுதுவீர்கள். நிரப்பிய புனலை எடுத்துவிடுங்கள். அதன் காம்பில் தொங்கும் ஒரு துளி நடுவில் விழுந்தால் அளவு 0.05 மி.லி. தவறும்.

5. காரத்தின் செறிவைக் காணுதல்

20 மி.லி. ஆக்சாலிக் அமிலக் கரைசலைப் பிப்பெட்டால் கூம்புக்குடுவையில் விடுங்கள். வடிந்து முடிந்ததும் நுனியைக் குடுவைச் சுவரில் சில நொடிகள் தொட்டு வைத்து எடுங்கள். நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது. அது உள்ளே தங்கும் என்று கணக்கிட்டுத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

பினாப்தலீன் இரண்டு சொட்டு. அதிகம் விட்டால் நிறம் அழகாக வரும் என்று ஐந்தாறு சொட்டு விடுபவர்கள் உண்டு. நிறங்காட்டியே ஒரு வலிமை குறைந்த அமிலம்தான், தவிர ஆல்கஹால் கூடினால் கரைசல் கலங்கவும் செய்யும்.

இனி பியூரெட்டிலிருந்து காரத்தை விடுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை 7ஆம் படியில் பாருங்கள். காரத்தைப் பியூரெட்டில் வைப்பதற்கு ஒரு காரணம் நம் கண். நிறமற்ற கரைசலில் முதல் இளஞ்சிவப்பு தோன்றுவதை எளிதில் பிடித்துவிடலாம். இளஞ்சிவப்பு மங்கி மங்கி முற்றிலும் மறைந்த கணத்தைப் பிடிப்பது கடினம்.

பிறைத்தளத்தின் (குழாயில் கரைசலின் வளைந்த மேற்பரப்பு) அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேர்மட்டத்தில் வைத்துப் படியுங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் கோடு தெளியும். உயரமான ஸ்டாண்டில் மாட்டியிருந்தால் பியூரெட்டைக் கீழே இறக்கிப் படிக்கத் தயங்காதீர்கள். அண்ணாந்து பார்த்துப் படித்தால் இடமாறு தோற்றப்பிழை வராமல் இருக்காது.

மாதிரி அளவுகள்: முதல் முறை 20.6, பிறகு 20.3, 20.3 மி.லி. முதல் முறை முடிவு எங்கே வரும் என்று தெரிந்துகொள்ள மட்டும். அதைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும்வரை தொடருங்கள். (ஒத்துவராத அளவை நோட்டில் "ஒத்த அளவு" ஆக்கும் கலை எல்லாருக்கும் தெரிந்ததே. வினிகருக்கு அது தெரியாது.)

ஒரு மோல் ஆக்சாலிக் அமிலம் இரண்டு மோல் காரத்தைக் குடிக்கும். எனவே:

குடுவையில் ஆக்சாலிக் அமிலம்: 0.05019 × 0.0200 = 0.0010038 மோல்
தேவைப்பட்ட காரம்: 0.0010038 × 2 = 0.0020076 மோல்
காரத்தின் செறிவு: 0.0020076 ÷ 0.0203 = 0.0989 மோலார்

நார்மாலிட்டியில் (லிட்டருக்கு எத்தனை சமான நிறை என்ற அளவு) பழகியவர்களுக்கும் இதே விடைதான் வரும். ஆக்சாலிக் அமிலத்தின் சமான நிறை 63.04, நார்மாலிட்டி 0.1004. 20.0 × 0.1004 ÷ 20.3 = 0.0989. ஆபத்து இரண்டையும் கலப்பதில் இருக்கிறது. நார்மாலிட்டிச் சூத்திரத்தில் 0.05019 என்ற மோலாரிட்டியைப் போட்டால் 0.0494 வரும், சரியாகப் பாதி. பிறகு வினிகரும் பாதிப் புளிப்பாகிவிடும்.

0.0989ஐ "கிட்டத்தட்ட 0.1" என்று முழுமையாக்க வேண்டாம். இவ்வளவு பாடுபட்டதே அந்த ஒரு சதவீத வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

6. வினிகரைப் பத்து மடங்கு நீர்த்தல்

நேராக 20 மி.லி. வினிகரை எடுத்தால் 0.1 மோலார் காரம் 130 மி.லி.க்கு மேல் தேவைப்படும். பியூரெட்டை மூன்று முறை நிரப்ப வேண்டிவரும், நிரப்பும் ஒவ்வொரு முறையும் படிக்கும் பிழை கூடும். அதனால் நீர்த்தல்.

25 மி.லி. வினிகரை 25 மி.லி. பிப்பெட்டால் இரண்டாவது அளவுக்குடுவையில் விட்டு, 250 மி.லி. குறி வரை நீர் நிரப்பி, முன்போலவே கவிழ்த்துக் கலக்குங்கள். அளவு சிலிண்டரால் வினிகரை எடுக்காதீர்கள். இங்கே நேரும் அரை மி.லி. பிழை விடையில் 2 சதவீதம், பின்னால் எத்தனை கவனமாக இருந்தாலும் அது போகாது.

நோட்டில் இப்போதே, பெரிதாக, "10 மடங்கு" என்று எழுதி வையுங்கள்.

ஆப்பிள் சீடர் போன்ற பழுப்பு வினிகரானால் நீர்த்த பிறகும் மஞ்சள் தங்கும், இளஞ்சிவப்பு அதில் செம்மஞ்சளாகத் தெரியும். காரம் சேர்க்காத அதே கரைசலைப் பக்கத்தில் ஒரு குடுவையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

7. வினிகரைத் தரம்பார்த்தல்

நீர்த்த வினிகர் 20 மி.லி., பினாப்தலீன் இரண்டு சொட்டு, பியூரெட்டில் அதே காரம். பிப்பெட்டை நீராலும் பிறகு நீர்த்த வினிகராலும் அலச மறக்காதீர்கள். அதில் சற்று முன்புவரை ஆக்சாலிக் அமிலம் இருந்தது.

இடது கையால் திருகு, வலது கையால் குடுவையைச் சுழற்றுவது. முதல் 10 மி.லி. வரை காரம் விழும் இடத்தில் இளஞ்சிவப்பு பூத்து உடனே மறையும். 12 மி.லி. தாண்டியதும் அது மறைய ஒரு நொடி, இரண்டு நொடி எடுக்கும். இனி சொட்டுச் சொட்டாக. கடைசியில் திருகை லேசாகத் திறந்து நுனியில் அரைச் சொட்டைத் தொங்கவிட்டு, குடுவைச் சுவரில் தொட்டு, கழுவல் புட்டியால் உள்ளே தள்ளுங்கள். குடுவை முழுவதும் மிக வெளிறிய இளஞ்சிவப்பு 30 நொடி நின்றால் அதுதான் முடிவுநிலை.

ரோஜா நிறம் வரும்வரை காத்திருப்பவர்கள் இரண்டு மூன்று சொட்டு தாண்டிவிட்டார்கள். ஒரு சொட்டு 0.05 மி.லி. என்றால் 13.8 மி.லி.யில் அது 0.4 சதவீதம். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: முடிவுநிலை வந்த பின் குடுவையை வைத்துவிட்டு வந்து பார்த்தால் நிறம் மறைந்திருக்கும், "இன்னும் முடியவில்லை" என்று மறுபடி காரம் விடுவார்கள். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து நிறத்தை அழித்திருக்கிறது, அவ்வளவுதான். 30 நொடி என்ற வரம்பு அதற்காகவே.

மெத்தில் ஆரஞ்சு ஏன் ஆகாது? அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்தது. முழுவதும் நடுநிலையானதும் குடுவையில் இருப்பது சோடியம் அசிட்டேட், அதன் பி.எச். இந்தச் செறிவில் சுமார் 8.7. பினாப்தலீன் நிறம் மாறுவது 8.3க்கும் 10க்கும் இடையே, பொருந்துகிறது. மெத்தில் ஆரஞ்சு 3.1 முதல் 4.4 வரை. 4.4ஐத் தொடும்போது அமிலத்தில் சுமார் 30 சதவீதம்தான் தீர்ந்திருக்கும். பியூரெட்டில் 4 மி.லி. சொச்சத்திலேயே மஞ்சளாகிவிடும், அதுவும் பட்டென்று மாறாமல் இழுத்து இழுத்து.

மாதிரி அளவுகள்: 14.1, 13.8, 13.8. ஒத்த அளவு 13.8 மி.லி.

வேலை முடிந்ததும் பியூரெட்டை உடனே காலி செய்து நீரால் அலசி, திருகைத் திறந்தபடி தலைகீழாக மாட்டுங்கள். கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டில் காரம் இரவு முழுக்க நின்றால் காலையில் திருகு சுழலாது.

8. கணக்கு: பியூரெட்டிலிருந்து புட்டி வரை

ஒரு வரிக்கு ஒரு படி, ஒவ்வொரு எண்ணோடும் அது எதனுடையது என்ற சொல். இதை மட்டும் விடாதீர்கள்.

செலவான காரம்: 0.0989 × 0.0138 = 0.001365 மோல்
அசிட்டிக் அமிலமும் காரமும் ஒன்றுக்கு ஒன்று, எனவே 20 மி.லி. நீர்த்த வினிகரில் அமிலம்: 0.001365 மோல்
நீர்த்த வினிகரின் செறிவு: 0.001365 ÷ 0.0200 = 0.0682 மோலார்
புட்டியிலுள்ள வினிகர்: 0.0682 × 10 = 0.682 மோலார்
அசிட்டிக் அமிலத்தின் மோலார் நிறை 60.05. ஒரு லிட்டரில்: 0.682 × 60.05 = 41.0 கிராம்
100 மி.லி.யில்: 4.1 கிராம்

இந்த 4.1 சதவீதம் கனஅளவுக்கு எடை. எடைக்கு எடை வேண்டுமென்றால் வினிகரின் அடர்த்தியால் வகுக்க வேண்டும். அது ஒரு மி.லி.க்கு 1.005 கிராம் அளவில் இருப்பதால் 4.1 என்பது 4.08 ஆகும், பெரிய வேறுபாடு இல்லை. புளிக்கவைத்துத் தயாரிக்கும் வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்கின்றன இந்திய உணவு விதிகள். லேபிளில் 4 என்று அச்சிட்டிருந்தால் 4.1 நம்பத்தக்க விடைதான்.

கால்குலேட்டர் 4.0980 என்று காட்டும். அப்படியே எழுத வேண்டாம். 13.8 என்பதே மூன்று இலக்கம், விடையை 4.10 என்று நிறுத்துங்கள்.

9. விடை பொருந்தாவிட்டால் எங்கே தேடுவது

0.41 வந்தால் பத்தால் பெருக்க மறந்தாயிற்று. 2.05 வந்தால் ஆக்சாலிக் அமிலத்தின் இரண்டு மோல் காரம் தொலைந்திருக்கிறது. 4,100 போன்ற எண் வந்தால் மி.லி.யை லிட்டராக்கவில்லை. இவை தாளில் நடந்த தவறுகள், ஐந்து நிமிடத்தில் சரியாகும்.

5.7 அளவில் வந்தால் ஆக்சாலிக் அமிலப் புட்டியின் லேபிளை மறுபடி பாருங்கள். படிக நீர் உள்ளதை எடைபோட்டு 90.03ஆல் வகுத்திருக்கலாம்.

சில சதவீதம் மட்டும் விலகினால் கையில் நடந்த தவறு. அப்போது திசையைப் பாருங்கள். 5ஆம் படியில் காரம் அதிகம் செலவானால் அதன் செறிவு குறைவாகக் கணக்காகும், இறுதி விடை குறையும். 7ஆம் படியில் அதிகம் செலவானால் இறுதி விடை கூடும். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஒரு சொட்டு தாண்டினால் பிழையின் பெரும்பகுதி ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால்தான் இரண்டு தரம்பார்த்தலையும் ஒருவரே, ஒரே நாளில், ஒரே நிறச் சாயலில் முடிக்க வேண்டும் என்பது.

காரத்தை இன்று செறிவு கண்டு, வினிகரை அடுத்த வாரம் தரம்பார்த்தால் விடை கூடி வரும். இடையில் காரத்தில் ஒரு பகுதி கார்பனேட்டாகியிருக்கும், பினாப்தலீன் முடிவுநிலையில் கார்பனேட் தன் பங்கில் பாதி வேலைதான் செய்யும். கரைசல் வலுவிழந்திருக்க, நீங்கள் பழைய 0.0989ஐப் பெருக்கிக்கொண்டிருப்பீர்கள்.

10. வேறு அமிலமானால் மாறுவது

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஒன்றுக்கு ஒன்று, கந்தக அமிலத்துக்கு ஒரு மோலுக்கு இரண்டு மோல் காரம். எலுமிச்சைச் சாற்றுக்குச் சிட்ரிக் அமிலமாகக் கணக்கிட்டால் ஒன்றுக்கு மூன்று, மோலார் நிறை 192.1. சாற்றைத் துணியில் வடித்துச் சக்கையை நீக்கி, அதே பத்து மடங்கு நீர்த்தலைச் செய்யுங்கள். சாற்றில் 5 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருந்தால் 20 மி.லி.க்கு 16 மி.லி. அளவில் காரம் செலவாகும். 8ஆம் படியின் இரண்டாவது வரியில் காரத்தின் மோலை 3ஆல் வகுத்து, 60.05க்குப் பதில் 192.1 போட்டுக்கொண்டால் மற்றவை அப்படியே. பழத்துக்குப் பழம் அளவு மாறும் என்பதால் மூன்று நான்கு பழங்களின் சாற்றைக் கலந்து, அதிலிருந்து 25 மி.லி. எடுங்கள்.